வெள்ளச்சிக்கு வரிசை இல்லை

அந்தக் காலத்தில் தவிட்டுக்குருவிகளுக்கு இவ்வளவு வாய் கிடையாது. ஏரிக்கரை இலந்தை மரத்தில் அக்கா தங்கைகள் ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேருக்கும் சேர்த்து ஒரே கூடு. மூத்தவள் மாராயி முட்டையிடுவாள், மற்றவர்கள் இரை கொண்டுவந்து போடுவார்கள். பெரிய சண்டை என்று எதுவும் கிடையாது.

எதிர் மரத்தில் ஓர் அக்காக்குயில் இருந்தாள். கூடு கட்டத் துப்பில்லாதவள். தன் முட்டையை எவள் தலையிலாவது கட்டிவிடலாம் என்று நாள் பூராவும் இந்தக் கூட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் முட்டையும் நீலம், இவர்கள் முட்டையும் நீலம். அதனால் கூட்டுக்கு எப்போதும் இரண்டு பேர் காவல் இருக்க வேண்டியிருந்தது. ஒருத்தி மட்டும் என்றால் கண் அசந்துவிடுவாள். மூன்று பேர் என்றால் பேச்சு சுவாரஸ்யத்தில் கூட்டையே மறந்துவிடுவார்கள்.

மாராயி தன்னோடு காவலுக்கு எப்போதும் ஆறாமவள் காத்தாயியைத்தான் கூப்பிடுவாள். இதைப் பார்த்துக் கடைசித் தங்கை வெள்ளச்சிக்கு வயிறு எரிந்தது. அக்கா மடியில் இடம் என்றால் அது கடைக்குட்டிக்குத்தானே, நடுவில் இவள் யார் என்று முணுமுணுத்தாள். பிறகு இரை தேடப் போகாமல் கிளையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

சரி, ஒருத்திக்கும் குறை வேண்டாம், எல்லாரும் எல்லாரோடும் ஒரு நாள் காவல் இருக்கட்டும் என்று மாராயி முடிவு செய்தாள். ஏழு பேரையும் மரத்தடியில் வயதுப்படி நிறுத்தினாள். ஆளுக்கு முன்னால் இலந்தைக் கொட்டைகளை வைத்தாள். ஒரு கொட்டை என்றால் ஒரு ஜோடி, ஒரு நாள் காவல். தனக்கு ஆறு தங்கைகள், ஆகவே தன் முன்னால் ஆறு கொட்டை. இரண்டாமவள் மாராயியோடு இருக்கும் நாள் அந்த ஆறுக்குள்ளேயே வந்துவிட்டது. அதனால் அவளுக்கு ஐந்துதான். மூன்றாமவளுக்கு நான்கு. அடுத்து மூன்று, அடுத்து இரண்டு, காத்தாயிக்கு ஒன்றே ஒன்று. மொத்தம் இருபத்தொரு நாள்.

வெள்ளச்சி முன்னால் வெறும் மண்தான் இருந்தது.

"எனக்கு எங்கே?" என்றாள்.

"எல்லா வரிசையிலேயும் கடைசிக் கொட்டை நீதான்டி. ஆறு வரிசை, ஆறு நாள். எல்லாருக்கும் அதே ஆறுதான்."

"அது உங்க வரிசை. என் வரிசை எது?"

மாராயி பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள். மாராயியும் வெள்ளச்சியும் என்றாலும் வெள்ளச்சியும் மாராயியும் என்றாலும் கூட்டோரம் உட்காரப்போவது அதே இரண்டு பேர்தானே என்றாள். பொறாமை பிடித்தவளுக்கு இந்தக் கணக்கு எப்படி ஏறும்? பெயர் முன்னால் வருவது வேறு, பின்னால் வருவது வேறு என்றாள் வெள்ளச்சி. தனக்கும் ஆறு கொட்டை வைத்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தாள். வைத்தால் அவள் இருக்கும் ஒவ்வொரு ஜோடியும் இரண்டு தடவை வரும் என்று மாராயி மறுத்துவிட்டாள்.

காவல் தொடங்கியது. ஒரு நாள் முடிந்தால் ஒரு கொட்டையைத் தள்ளிவிடுவார்கள். ஆறாம் நாள் வெள்ளச்சி ஆசைப்பட்டபடியே பெரியக்காவோடு உட்கார்ந்தாள். அந்தச் சந்தோஷம்கூட அவளுக்கு நிலைக்கவில்லை. மிச்சம் மீதியாகக் கடைசியில்தானே கூப்பிட்டாய் என்று அன்று முழுக்கக் குத்திக் காட்டினாள். மற்ற அக்காக்களோடும் அப்படித்தான். இது உன் நாள், நீயே பார்த்துக்கொள் என்று முதுகைக் காட்டி உட்காருவாள்.

இருபத்தொன்றாம் நாள் வந்தது. கூட்டில் நான்கு முட்டைகள் இருந்தன. மற்ற ஐந்து பேரும் இரைக்குப் போய்விட்டார்கள். மரத்தடியில் காத்தாயியின் ஒற்றைக் கொட்டை மட்டும் கிடந்தது. வெள்ளச்சி கீழே இறங்கி அதைக் கவ்வினாள், கொண்டுபோய்த் தன் இடத்தில் வைத்தாள்.

"இப்ப இது என் வரிசை," என்றாள்.

அதுவரை வாயே திறக்காத காத்தாயிக்கும் அன்று பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஆறு வைத்திருந்தவளிடம் அன்றைக்கே எடுக்காமல், ஒன்று வைத்திருப்பவளிடமா எடுக்கத் தோன்றியது என்று இறங்கி வந்து கொட்டையைப் பிடுங்கினாள். இவள் இழுக்க அவள் இழுக்க, இருவரும் மண்ணில் கட்டிப் புரண்டார்கள். கொட்டை எந்தப் பக்கம் கிடந்தாலும் அன்றைய காவல் அவர்கள் இருவருடையதுதான். அது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. சத்தம் கேட்டு ஓடி வந்த ஐந்து பேரும் கூட்டைப் பார்க்காமல் ஆளுக்கொரு கட்சி சேர்ந்து கத்தினார்கள்.

அக்காக்குயிலுக்கு அவ்வளவு நேரம் போதும்.

சண்டை ஓய்ந்து மேலே போய்ப் பார்த்தால் கூட்டில் ஐந்து முட்டைகள். ஐந்தும் ஒரே நீலம். ஏழு பேரும் மாறி மாறிப் பார்த்தார்கள், எது அயல் முட்டை என்று ஒருத்திக்கும் தெரியவில்லை. கை தவறிச் சொந்த முட்டையைத் தள்ளிவிட்டால்? மாராயிக்கு மனம் வரவில்லை.

"இன்னைக்கு யாரோட நாள்?" என்று கேட்டாள்.

வெள்ளச்சி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். காத்தாயிதான் பதில் சொன்னாள்.

"எங்க ரெண்டு பேரோட நாள், அக்கா. என் வரிசையில இருந்ததே இவ ஒருத்திதான்."

வெள்ளச்சிக்கு அழுகை வந்தது. ஆனால் நடந்தது நடந்ததுதான். முட்டைகள் பொரிந்தன. ஐந்தாவது குஞ்சு பிறந்த நாளிலிருந்து வாயை மூடவில்லை. கொண்டுவந்த புழுவெல்லாம் அதன் வயிற்றுக்கே போனது. சொந்தக் குஞ்சுகள் நான்கில் இரண்டுதான் பிழைத்தன. ஏழு பேரும் ஆளுக்கு ஆள் பழி சொன்னார்கள். யாரையும் யாரோடும் தனியே விட இனி ஒருத்திக்கும் நம்பிக்கை வரவில்லை.

அன்று முதல்தான் தவிட்டுக்குருவிகள் ஜோடி பிரிப்பதை விட்டன. ஏழும் ஒன்றாகவே மேய்கின்றன, ஒருத்தி பறந்தால் ஆறு பேரும் பின்னாலேயே பறக்கிறார்கள், யார் முன்னால் யார் பின்னால் என்று வழியெல்லாம் கத்திக்கொண்டே போகிறார்கள். அந்தக் கத்தலுக்கு நடுவில் அக்காக்குயில் வந்து முட்டையை வைத்துவிட்டு நிம்மதியாகப் போகிறாள்.