வில்வப்பழம் தின்ற பண்டிதர்

முன்னொரு காலத்தில் கொன்றைக்கோட்டைச் சீமையைச் செண்பகராயன் என்ற ராஜா ஆண்டு வந்தான். ஆண்டு வந்தான் என்பது மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் நெய்ப்பொங்கலும் அப்பமுமாகச் சாப்பிட்டு வந்தான். மிச்ச நேரம் சிம்மாசனத்தில் சாய்ந்து கிடந்தான். வயிறும் எத்தனை நாள்தான் பொறுக்கும்? ஒருநாள் அடைத்துக்கொண்டது.

நாலு நாளாயிற்று. ராஜாவின் வயிறு கல்லானது, தீர்ப்பும் கல்லானது. சவாரிக்கு நேரமாயிற்று என்று நினைவூட்டிய குதிரைக்காரன் மாயாண்டியைப் பிடித்துச் சிறையில் போட்டான். 'அரசரை அவசரப்படுத்திய குற்றம்' என்று ஓலையில் எழுதினார்கள்.

அரண்மனை வைத்தியர் பரிபூரணப் பண்டிதர் முத்துப் பஸ்பம் கொடுத்தார், தங்கப் பஸ்பம் கொடுத்தார். தங்கம் உள்ளே போனதோடு சரி. "கிரகம் சரியில்லை" என்று சொல்லிவிட்டார்.

மாயாண்டியின் மனைவி சிலம்பாயி காட்டுப் பழம் விற்பவள். சிறைக் கதவு திறக்க வேண்டுமானால் முதலில் ராஜாவின் வயிறு திறக்க வேண்டும் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு கூடை வில்வப்பழத்தோடு சபைக்கு வந்து நின்றாள்.

"மகாராஜா, இதை உடைச்சு, சதையைத் தண்ணியில கரைச்சு, விதை போக வடிகட்டிப் பனைவெல்லம் சேர்த்துக் குடிங்க. வயிறு இளகிடும்."

பண்டிதர் சிரித்தார். "போன மாதம் பல்லக்குத் தூக்கிகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டபோது இந்தப் பழக்காரி இதே வில்வத்தைக் கொடுத்துத்தான் நிறுத்தினாள், மகாராஜா. பூட்டுகிற சாவியும் இதுதானாம், திறக்கிற சாவியும் இதுதானாம்."

"சாவின்னா ரெண்டும்தானே சாமி செய்யும்?" என்றாள் சிலம்பாயி.

சபையில் யாரோ இருமுவதுபோலச் சிரித்தார்கள். பண்டிதர் முகம் கறுத்தது.

"அப்போ கொடுத்தது காய். காய் கட்டும், பழம் இளக்கும்" என்று விளக்கினாள் அவள்.

"ஒரே மரத்துக்கு இரண்டு குணமா? ஆடு மாடு தின்கிற பண்டம் இது. வெறும் சக்கை."

ராஜாவுக்குத் தன் வயிற்றில் சோதித்துப் பார்க்கப் பயம். சிலம்பாயிக்கும் பயம்தான். சொன்னது பொய்யென்று ஆனால் சிறையில் புருஷனுக்குப் பக்கத்து அறை அவளுக்கு. ஆனாலும் கைகட்டிப் பணிவாகவே சொன்னாள்:

"பெரியவர் சக்கைன்னு சொல்றார். அப்போ அவரே ரெண்டு பழம் தின்னுட்டு, நாளைக் காலையில சபை கூடினதுலேர்ந்து கலையுற வரைக்கும் எழுந்திரிக்காம உட்காரட்டும். உட்கார்ந்துட்டார்னா நானும் சிறைக்குப் போறேன்."

"இரண்டு எதற்கு? நாலு உடை" என்றார் பண்டிதர்.

"ரெண்டே அதிகம், சாமி."

"நாலு."

ஒரு தடவை தடுத்தாயிற்று. அதற்குமேல் தடுப்பது பெரியவர்களுக்கு மரியாதை அல்லவே. நாலையும் கல்லில் தட்டி உடைத்து நீட்டினாள்.

மறுநாள் சபை கூடியது. பண்டிதர் சம்மணமிட்டார். பிறகு காலை மாற்றினார். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"என்ன பண்டிதரே, வியர்க்கிறது?" என்று கேட்டான் ராஜா.

"தியானம், மகாராஜா."

"நல்லது. பழத்துக்குக் குணம் உண்டா இல்லையா, அதை மட்டும் சொல்லும்."

"குணம் இல்... இல்..."

வாக்கியம் முடியவில்லை, இருக்கை காலியாகிவிட்டது. தலைப்பாகை மட்டும் அங்கே உட்கார்ந்திருந்தது.

உச்சிப்பொழுதுக்குள் ஏழு தடவை. கடைசியில் இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். "தாயே, நிறுத்து" என்றார் பண்டிதர். சிலம்பாயி உலர்ந்த வில்வக்காய்த் துண்டுகளைக் கொதிக்கவைத்துக் கஷாயம் கொடுத்தாள்; மோர்ச்சோறு தவிர வேறெதையும் தொடக்கூடாது என்றாள். சாயங்காலம் நின்றுவிட்டது. காயின் குணத்துக்கும் பண்டிதரே சாட்சியாகிப் போனார்.

அதற்குமேல் ராஜா தயங்கவில்லை. சிலம்பாயி பழத்தைக் கரைத்துக் கொடுத்ததைக் குடித்தான். மறுநாள் சபைக்கு நேரம் கழித்து வந்தான். ஆனால் சிரித்துக்கொண்டே வந்தான். மாயாண்டியை அப்போதே விடுவித்தான். சிலம்பாயியின் கூடையைச் சந்தை வரைக்கும் பண்டிதர் தலையில் சுமக்க வேண்டும் என்று உத்தரவிட்டான்.

"அரண்மனை வைத்தியர் ஆசனம் இனி உனக்கு, சிலம்பாயி. இங்கேயே உட்கார்ந்துகொள்" என்றான்.

அவள் ஆசனத்தைப் பார்த்தாள். மெத்தை ஒரு முழ உயரம் இருந்தது.

"வேண்டாம் மகாராஜா. இதுல உட்கார்ந்தா அப்புறம் எனக்கும் பழம் தேவைப்படும்" என்று கும்பிட்டுவிட்டு, புருஷனோடு நடையைக் கட்டினாள்.