செவலையும் குட்டையனும்

வாங்க வருகிறவர்களின் முகத்தைப் பார்த்ததும் வண்டிகள் வாய் திறந்து பேசிய காலம் ஒன்று இருந்தது. அப்போது கோவில்பட்டி பைபாஸ் ஓரம் சவரிமுத்து அண்ணாச்சி பழைய மோட்டார் சைக்கிள் கடை வைத்திருந்தார். அவருடைய அப்பா மாட்டுத் தரகர். அந்தப் பழக்கம் விடாமல் அண்ணாச்சியும் தன் வண்டிகளுக்கு மாட்டுப் பெயர்தான் வைப்பார்.

அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. முன்சக்கரத்துக்கு எதிரே அண்ணாச்சி ஓர் எலுமிச்சம்பழம் வைப்பார். வாங்குகிறவரே வண்டியை ஓட்டி அதை நசுக்க வேண்டும். பழம் நசுங்கினால்தான் ரசீது.

ஒரு சனிக்கிழமை காலை செண்பகவல்லி வந்தாள். திங்கட்கிழமை கிராமச் செவிலியர் வேலையில் சேர வேண்டியவள். ஐந்து கரிசல் கிராமங்களைச் சுற்றிவர வேண்டும். பஸ்ஸோ காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. வண்டி இல்லையென்றால் அந்த வேலையை நினைத்துப் பார்க்கவே முடியாது. தோழியின் வண்டியில் ஒரு வாரம் கிளட்ச் பழகியிருந்தாள். முதல் வண்டி வாங்கப் போகிற சந்தோஷத்தில் காலையில் இட்லிகூடச் சாப்பிடாமல் கிளம்பியிருந்தாள்.

"ஏ தாயி! இங்க பாரு!" என்று கூப்பிட்டது ஒரு சிவப்பு வண்டி. பெயர் செவலை. திமில் மாதிரி டேங்க், தொடை தண்டி டயர். "நான் இருநூறு சிசி. ஊருக்குள்ள நுழைஞ்சேன்னா திரும்பிப் பாக்காத ஆளு கிடையாது!"

செண்பகம் ஓடிப்போய் ஏறி உட்கார்ந்தாள். வண்டி சென்டர் ஸ்டாண்டில் நின்றது. கடைக் கண்ணாடியில் தன்னையே பார்த்தாள். அடேயப்பா! அது அவள்தானா?

"தரை எங்க? எங்களுக்குத் தரையே எட்டலையே!" என்று அந்தரத்தில் தொங்கிய கால்கள் கத்தின. அந்த நேரத்தில் கால் சொல்வதை யார் கேட்பார்கள்?

மூலையில் ஒரு கறுப்பு நூறு சிசி நின்றது. பெயர் குட்டையன். டேங்கில் கீறல், ஒரு பக்கக் கண்ணாடியில் விரிசல்.

"அக்கா, என் மேல ஒருதரம் ஏறிப் பாருங்க" என்றது.

"நீ பால்காரர் வண்டி மாதிரி இருக்க" என்றாள் செண்பகம்.

"பால்காரர் வண்டியேதான்க்கா" என்றது அது, கொஞ்சமும் வெட்கப்படாமல்.

செவலை இரைந்து சிரித்தது. அண்ணாச்சி அதை ஸ்டாண்டிலிருந்து இறக்கிக் கொடுத்து, சக்கரத்துக்கு எதிரே பழத்தை வைத்தார்.

"மெல்ல அழுத்துங்க மக்கா, எனக்கு இதுதான் முதல் தடவை" என்றது எலுமிச்சம்பழம்.

பழத்துக்கு வேலையே வரவில்லை. செண்பகத்தின் கால்விரல் நுனிதான் தரையைத் தொட்டது. கிளட்சை விடுவதற்குள்ளேயே செவலை ஒரு பக்கம் சாய்ந்தது. பிடித்து நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. வண்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், பழம் வாசல் பக்கம்.

அண்ணாச்சி, பக்கத்து டீக்கடை மாஸ்டர், அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர் என மூன்று பேர் ஓடி வந்து, "ஏலேலோ" போடாத குறையாகச் செவலையைத் தூக்கி நிறுத்தினார்கள்.

"பரவால்ல தாயி, எல்லாரும் போடுறதுதான். இன்னொருக்கா ஏறு" என்றது செவலை.

செண்பகம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அந்த மூன்று பேரையும் பார்த்தாள்.

"திங்கட்கிழமை கரிசக்காட்டுக்குள்ள நீ விழுந்தா, இந்த மூணு பேருக்கு நான் எங்க போவேன்?" என்று கேட்டாள்.

செவலை ஹேண்டிலை மறுபக்கம் திருப்பிக்கொண்டது.

அவள் குட்டையனிடம் போனாள். ஏறியதும் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்தன. "ஹப்பா!" என்றன கால்கள். அண்ணாச்சி பழத்தைத் துடைத்து மறுபடி வைத்தார். செண்பகம் ஆசை ஆசையாகக் கிளட்சைப் படக்கென்று விட்டாள். குட்டையன் ஒரு துள்ளு துள்ளி, பழத்துக்கு ஒரு சாண் முன்னால் அணைந்து, அவளையும் சேர்த்துக்கொண்டு பொத்தென்று விழுந்தது.

"பாத்தியா! அவனும் தள்ளிட்டான்!" என்று செவலை குதித்தது.

மூன்று பேரும் மறுபடி ஓடி வந்தார்கள்.

"யாரும் தொடாதீங்க அண்ணாச்சி!" என்று கத்தினாள் செண்பகம். சுடிதாரைத் தட்டிவிட்டு எழுந்தாள். ஹேண்டிலைப் பிடித்தாள், காலை ஊன்றினாள், ஒரே மூச்சில் வண்டியை நிமிர்த்தி நிறுத்திவிட்டாள். முட்டியில் சிராய்ப்பு எரிந்தது. ஆனாலும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கிக்கரை உதைத்தாள், கிளட்சை மெல்ல விட்டாள்.

நச்!

"ஆகா!" என்றது பழம், சாறெல்லாம் தெறிக்க.

ரசீதை வாங்கிக்கொண்டு செண்பகம் கிளம்பும்போது செவலையால் பொறுக்க முடியவில்லை. "உன்னையுந்தானலே கீழ போட்டா!" என்று குட்டையனைப் பார்த்துக் கத்தியது.

ரோட்டில் ஏறிய குட்டையன் திரும்பிப் பார்க்காமலே சொன்னது:

"போட்டாங்கதான். தூக்குனதும் அவங்கதானே."