எந்த நாட்டுப் பா?

“அம்மா, இவனுக்கு எந்த நாட்டுப் பாட்டைப் பாடணும்னே எனக்குத் தெரியலையே!”

கேட்டவர் மருதவாணர். வயது ஐம்பத்தெட்டு. கேட்டது தன் ஆசிரியை நப்பின்னை அம்மையாரிடம். அம்மையார் அவரைவிடப் பதினாறு வயது இளையவர்.

அந்தத் துறைமுகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கப்பலில் வந்த அயல்நாட்டான் இறந்துபோனால், அவன் நாட்டுப் பா வகையில் இரங்கல் பாடிய பிறகுதான் குழியை மூடுவார்கள். பாட முடியாவிட்டால் உடலைப் படகில் ஏற்றி நடுக்கடலில் விட்டுவிடுவார்கள். பாடும் பொறுப்பு மருதவாணருடையது.

குழி வெட்டியாகிவிட்டது. உடல் அதன் ஓரத்தில் கிடந்தது. பக்கத்தில் செத்தவனின் தம்பி உட்கார்ந்திருந்தான். உச்சிவேளையில் கப்பல் கிளம்பும், அவன் ஏறியாக வேண்டும். அண்ணனும் தம்பியும் வழியில் ஏதோ ஒரு தீவில் கப்பலேறியவர்கள். அவர்கள் பேச்சு கப்பலில் ஒருவருக்கும் புரியாது.

நிழல் காலடிக்கு வந்துகொண்டிருந்தது. மருதவாணர் கையிலிருந்த சுவடியை மறுபடி புரட்டினார்.

“அரபுக்காரன்னா அடிக்கு அடி ஒரே ஓசையில முடிச்சிருவேன். சீனத்தான்னா எண்ணி எண்ணி ஜோடியா அடுக்குவேன். மலாய்க்காரன்னா முதல் ரெண்டு அடியில மீனையோ பழத்தையோ பாடிட்டு, அடுத்த ரெண்டுல அழுவேன். இவன் எதுக்குள்ளயும் வரமாட்டேங்கானே!”

“வெண்பாவுல பாடுங்களேன்.”

“விளையாடாதீங்கம்மா. போன மாசம் மலாய்க்காரனுக்குப் பாரசீகப் பாட்டைப் பாடிட்டேன். அவன் கூட்டாளிங்க முகத்தைத் திருப்பிக்கிட்டது இன்னும் கண்ணுல நிக்கு. இந்தத் தம்பி பாத்துக்கிட்டிருக்க, அண்ணனைக் கடல்ல போட்டா நான் எப்படித் தூங்குவேன்?”

“அண்ணாச்சி, செத்தவன் பேரு என்ன?”

மருதவாணர் சுவடியைக் கீழே வைத்தார்.

“கேக்கலையா?”

“உடுப்பைப் பாத்தேன். கையில பச்சை குத்தியிருக்கதைப் பாத்தேன். பத்துக் கட்டுச் சுவடியையும் புரட்டிட்டேன்.”

“பேரு?”

“கேக்கலை.”

படித்தவர்களுக்கு இப்படி நேர்வதுண்டு.

அம்மையார் எழுந்து போய்த் தம்பியின் எதிரில் மணலில் உட்கார்ந்தார். தன் நெஞ்சைத் தொட்டு, “நப்பின்னை” என்றார். பின்னாலேயே வந்து நின்றவரைக் காட்டி, “மருதவாணர்” என்றார். பிறகு செத்தவனின் நெஞ்சின் மேல் கையை வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

அவன் அந்தக் கையைப் பார்த்தான்.

“தேமு.”

சொன்னதும் உதடு கோணியது. மறுபடி சொன்னான், இழுத்து. அதன் முன்னால் நாலைந்து வார்த்தைகள் வந்து சேர்ந்தன. ஒரு பெருமூச்சு. மறுபடி பெயர். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன், உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு பாட ஆரம்பித்துவிட்டான்.

மருதவாணர் பரபரவென்று எழுத்தாணியை எடுத்தார்.

“மூணு சீர்... இல்ல, அஞ்சு... பேரு கடைசியில வருதும்மா!”

அம்மையார் எழுத்தாணியை வாங்கி மணலில் குத்தி வைத்தார்.

தம்பி இன்னோர் அடியின் முடிவுக்கு வந்தான். பெயர் வர வேண்டிய இடத்தில் குரல் அடைத்துக்கொண்டது. மூச்சை இழுத்துப் பார்த்தான். வரவில்லை.

நிழல் காலடிக்குள் போய்விட்டது. துறைக்காவலன் உடலை ஏற்றும் படகின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கத்தினான்.

“எந்த நாடுன்னு தெரிஞ்சுதாய்யா?”

மருதவாணர் அம்மையாரைப் பார்த்தார். அம்மையார் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி மறுபடி வாயைத் திறந்தான். சத்தமே இல்லை.

மருதவாணருக்கு எந்த ஓசை, எத்தனை சீர், ஒன்றும் நினைவில் இல்லை.

“தேமூ...” என்று கூப்பிட்டார். கூப்பிட்டவர் அழுதும்விட்டார்.

காவலன் கயிற்றைப் போட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்தான்.

தம்பி கொஞ்சம் நகர்ந்து, மருதவாணருக்கு இடம் விட்டான்.