ஒற்றைத் தோட்டாவுக்கு ஒரு பொட்டு

ரொம்பப் பழைய காலமெல்லாம் இல்லை, நம்ம காலத்திலேயே நடந்ததுதான். மலைமேல் ஒரு சோளக்காடு இருந்தது. அந்தக் காட்டுக்காரர் வீட்டில் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது.

காட்டுக்காரர் பெயர் மொக்கச்சாமி. அவர் பெண்சாதி பஞ்சவர்ணம். துப்பாக்கி பாவம், எந்த உயிரையும் எடுத்ததில்லை. காட்டுப்பன்றிகள் மக்காச்சோளத்துக்குள் இறங்கினால் மொக்கச்சாமி அதை வானத்தைப் பார்த்துத் தூக்கி ஒரு வெடி போடுவார். பன்றிகள் வந்த வழியே ஓடிவிடும். அதன் உத்தியோகமே அவ்வளவுதான். ஆனால் அதற்கு இருந்த மிதப்பு இருக்கிறதே, அப்பப்பா! கதவு மூலையில் சாய்ந்து நின்றுகொண்டு, பக்கத்திலிருந்த மண்வெட்டியிடம், "நான் ஒரு சத்தம் கொடுத்தா எதிர்மலையில மயிலு அலறும், தெரியும்ல?" என்று பீற்றிக்கொள்ளும்.

தோட்டாக்கள் டவுன் கடையிலிருந்து பெட்டி பெட்டியாக வரும். துப்பாக்கி அவற்றின் முகத்தைக்கூட நின்று பார்த்ததில்லை. உள்ளே வரும், வெடிக்கும், வெறும் கூடாகக் கீழே விழும். விழுந்த கூட்டை மொக்கச்சாமி குனிந்து எடுக்கவும் மாட்டார். மழை அதை உருட்டிக்கொண்டு போய் ஓடையில் சேர்த்துவிடும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சர்க்கார் உத்தரவு மலையேறி வந்தது.

காலை பஸ்ஸில் வந்தது. புதுச் சட்டை, மடிப்புக்கூடக் கலையவில்லை. ஆனால் கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி வந்ததில் குமட்டி, முகம் வெளுத்துப்போய் மொக்கச்சாமி வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டது. பஞ்சவர்ணம், "அடப் பாவமே" என்று ஒரு எலுமிச்சம்பழத்தை அரிந்து உப்புத் தொட்டுக் கொடுத்தாள். அதைச் சப்பிக்கொண்டே உத்தரவு சொன்னது:

"இனிமேல் சுட்ட தோட்டாவின் கூட்டைக் கடையில் காட்ட வேண்டும். எத்தனை கூடோ அத்தனை புதுத் தோட்டா. கூடு இல்லையென்றால் தோட்டாவும் இல்லை."

துப்பாக்கிக்கு ஆத்திரம் வந்தது. "கூடா? அதெல்லாம் ஓடையோட போச்சுய்யா!"

"அதற்கு நான் என்ன செய்ய? கீழே ஊர்களில் எவன் வாங்குகிறான், எவன் மேல் பாய்கிறது என்று தெரியாமல் பிணம் விழுகிறது. அதைப் பொறுக்க முடியாமல்தான் என்னைப் போட்டார்கள்."

"அவனும் நானும் ஒண்ணா? நான் பன்னி வெரட்டுறவன்யா!"

"உன்னை எனக்குத் தெரியாதே" என்றது உத்தரவு. பொய் சொல்லவில்லை. அதற்கு நிஜமாகவே யாரையும் தெரியாது. "ஆள் தெரியாததால்தான் எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்லிவிட்டுப் போகிறேன். பழத்துக்கு நன்றி, தாயி."

அடுத்த பஸ்ஸில் அது இறங்கிப் போய்விட்டது.

மறுநாள் பார்த்தால் ஓடையில் ஒரே கூட்டம். அந்த மலையில் துப்பாக்கி வைத்திருந்த அத்தனை பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்து மணலைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் காட்டு ஆசீர்வாதத்தைப் பார்த்ததும் மொக்கச்சாமி சட்டென்று நிமிர்ந்தார்.

"என்ன மொக்கண்ணே, தேடுறீங்க?"

"ஒண்ணுமில்லப்பா. குழம்புக்கு நண்டு கிடைக்குமான்னு பாக்குறேன்."

"நானும் நண்டுக்குத்தாண்ணே வந்தேன்."

அன்றைக்கு நண்டுகள்தான் பயந்துபோயின. மொக்கச்சாமிக்குக் கிடைத்ததெல்லாம் பச்சை பூத்து நசுங்கிய பித்தளைத் துண்டுகள். கடைக்காரர் அவற்றை மூக்குக்கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தார். "இது யாரு காலத்து வெடியோ, நான் எடுக்க மாட்டேண்ணே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து பெட்டியைக் கவிழ்த்தால் ஒரே ஒரு தோட்டா உருண்டது. சிவப்பு அட்டைக் கூடு, பித்தளை அடி. மொக்கச்சாமி அதை ஒரு டம்ளர் அரிசிக்குள் நட்டு, துப்பாக்கிக்கு மேலே இருந்த மாடத்தில் வைத்தார். ஈரம் பட்டால் வெடிமருந்து கெட்டுவிடும், அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்று அவருக்கு ஒரு கணக்கு.

துப்பாக்கி முதன்முதலாக ஒரு தோட்டாவை நிமிர்ந்து பார்த்தது.

"யாருப்பா நீ?"

"நல்லாக் கேட்டீங்க மாமா! இத்தனை நாளா எங்க ஆளுக வெடிச்சு வெடிச்சு உங்களுக்குப் பேரு வாங்கிக் கொடுத்தாங்க. இப்பத்தான் யாருன்னு கேக்குறீங்களாக்கும்?"

"டேய், சத்தம் போட்டது நான்டா."

"குழாய் சத்தம் போடுமா மாமா? உள்ள தண்ணி வந்தாத்தானே சத்தம்?"

துப்பாக்கிக்குச் சுருக்கென்றது. மண்வெட்டி வேறு பக்கத்தில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது. ஆனாலும், அதுவரை யாரும் அதை மாமா என்று கூப்பிட்டதில்லை. கோபப்படவும் மனசு வரவில்லை.

"சரி மாப்ளே, வாயை மூடு" என்றது.

அன்றிலிருந்து இரண்டும் ஒட்டிக்கொண்டன. தோட்டா டவுன் கடைக் கண்ணாடி அலமாரியில் பார்த்த வேடிக்கையெல்லாம் சொல்லும். துப்பாக்கி பன்றிக் கதைகளை அவிழ்த்துவிடும், பாதிக்குப் பாதி புளுகு. தோட்டா சிரித்தால் அதன் வயிற்றுக்குள் ஈய ரவை கிலுகிலுவென்று குலுங்கும். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே துப்பாக்கி இன்னும் கொஞ்சம் புளுகும்.

ஒருநாள் தோட்டா சொன்னது: "பன்னி வந்தா என்னைத்தான் கூப்பிடுவாக, மாமா. அன்னைக்கு மலையே அதிர்ற மாதிரி வெடிச்சிரணும். அதுக்குத்தானே பொறந்தேன்."

துப்பாக்கி மாடத்தை நிமிர்ந்து பார்த்தது. "வெடிச்சா நீ இருக்க மாட்டியேடா" என்றது.

"கூடு இருக்கும்ல? அதைக் காட்டி இன்னொருத்தனை வாங்கிக்கலாம்."

"இன்னொருத்தன் வருவான். நீ வருவியா?"

தோட்டா அரிசிக்குள் இன்னும் கொஞ்சம் புதைந்துகொண்டது. மேலே சோளம் கதிர் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காட்டை நம்பித்தான் அந்த வீட்டில் அடுப்பே எரிந்தது. மொக்கச்சாமிக்கு வெடி வேண்டும். துப்பாக்கிக்கோ அந்த வெடி வேண்டவே வேண்டாம். இப்படி ஒரு இக்கட்டு அதற்கு வாழ்க்கையில் வந்ததே கிடையாது.

அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. மற்ற வருஷங்களில் பஞ்சவர்ணம் தோட்டாப் பெட்டிமேல் ஒரு இழுப்பு சந்தனத்தைப் பூசி வைத்துவிடுவாள். உள்ளே இருப்பவற்றுக்குத் தெரியக்கூடத் தெரியாது. இந்த வருஷம் ஒற்றைப் பிள்ளையாக நிற்கிறதே என்று அவளுக்கு மனசு உருகிவிட்டது. மஞ்சள் தண்ணீரில் துணியை நனைத்துத் தோட்டாவைத் துடைத்தாள். வாழை இலையில் படுக்கவைத்தாள். அடியைத் திருப்பிப் பார்த்தாள். பித்தளையின் நட்டநடுவில் சின்னதாக வட்டமாக ஒரு இடம் இருந்தது.

"ஏங்க, இது பாக்க நெத்தி மாதிரியே இல்ல?" என்று சொல்லி அந்த வட்டத்தில் குழையக் குழையச் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைத்தாள்.

துப்பாக்கியின் ஊசி வந்து குத்தி வெடிக்கவைக்கிற இடமே அந்த வட்டம்தான். எத்தனையோ வருஷமாகச் சுடுகிற மனுஷனுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் அந்த நேரத்தில் மொக்கச்சாமி கன்னத்தில் போட்டுக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் பெருசா வையி புள்ள, அழகா இருக்கு" என்றார்.

பஞ்சவர்ணம் மாவிலையால் தண்ணீர் தெளித்தாள். ஈர இலையிலேயே தோட்டா கிடந்தது.

"மாமா, முதுகு சில்லுனு இருக்கு" என்றது.

"சும்மா கெடடா, சாமி காரியம்" என்றது துப்பாக்கி. தெரிந்து சொன்னதா, தெரியாமல் சொன்னதா என்று என்னைக் கேட்காதீர்கள். ஒருத்தன்மேல் உயிரை வைத்துவிட்டால் எது தெரியும், எது தெரியாது என்று யாரால் சொல்ல முடியும்?

அடைமழை பிடித்துக்கொண்டது. ஒரு சாயங்காலம் மழை விட்ட நேரம் பார்த்துப் பன்றிகள் இறங்கின. குட்டியும் தாயுமாகப் பெரிய கூட்டம். ஓரத்துப் பாத்தி படபடவென்று சாய்ந்தது. மொக்கச்சாமி துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பஞ்சவர்ணம் பின்னாலேயே ஓடினாள். தோட்டா குழலுக்குள் போனது.

"போறேன் மாமா."

"போயிட்டு வர்றேன்னு சொல்லுடா!" என்றது துப்பாக்கி.

மொக்கச்சாமி வானத்தைப் பார்த்துக் குறிவைத்து விசையை இழுத்தார்.

டக்.

இன்னொரு தரம் இழுத்தார். அதே டக். முன்னால் நின்ற பன்றி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கதிரைக் கடித்தது. மொக்கச்சாமி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"அந்தக் கருமத்தைக் கீழ வைங்க" என்றாள் பஞ்சவர்ணம். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து ஒரு கூப்பாடு போட்டாள் பாருங்கள்! பன்றிகள் திடுக்கிட்டு நின்றன. எப்போதும் தானே முதலில் கத்திவிடுவதால், துப்பாக்கி இப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதே இல்லை.

பக்கத்துக் காட்டில் ஆசீர்வாதம் காதைத் தீட்டினார். அவரிடமும் ஒரு தோட்டா பத்திரமாக இருந்தது. அதை எடுக்க மனசு வரவில்லை, வாயை மட்டும் எடுத்துக்கொண்டு, "ஊய்! ஊய்!" என்று ஓடி வந்தார். அவர் சத்தம் கேட்டு மேலே இருந்தவர்கள் கத்தினார்கள், அவர்கள் சத்தம் கேட்டு எதிர்ச் சரிவில் கத்தினார்கள். மலையே கத்தியது. பன்றிகள் விழுந்தடித்துக்கொண்டு ஓடின. ஓரத்துப் பாத்தி போனது போனதுதான், மிச்சக் காடு நின்றது.

"நல்ல தொண்டைக்கா உனக்கு!" என்றார் ஆசீர்வாதம் மூச்சு வாங்கிக்கொண்டு.

"இதுக்கு எந்தக் கடையில போயி என்னத்தக் காட்டணும்?" என்றாள் பஞ்சவர்ணம்.

மறுநாள் மொக்கச்சாமி துப்பாக்கியைத் தோளில் மாட்டி, வெடிக்காத தோட்டாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டவுனுக்குப் போனார். பையிலிருந்து விசும்பல் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

"மானம் போச்சு மாமா. ஒரே ஒரு வேலை, அதையும் செய்யல."

"அழாதடா மாப்ளே, நான் என்ன கிழிச்சேன்?" என்றது துப்பாக்கி.

கடையில் உத்தரவே உட்கார்ந்திருந்தது. சட்டை இப்போது கொஞ்சம் கசங்கியிருந்தது.

"சுட்டீர்களா?"

"சுட்டேன்யா" என்றார் மொக்கச்சாமி.

"அப்போ கூட்டைக் காட்டுங்கள்."

"வெடிச்சாத்தானே கூடு? வெடிக்கலையே."

"வெடிக்கவில்லை என்றால் உங்களிடம் தோட்டா இருக்கிறது. புதுசு எதற்கு?"

"அதான் வெடிக்காதேய்யா!"

உத்தரவு தோட்டாவை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தது. பொட்டு இன்னும் அழியாமல் இருந்தது. சுட்ட தோட்டாவைப் பற்றி அதற்குத் தெரியும், சுடாத தோட்டாவைப் பற்றியும் தெரியும். சுட்டும் வெடிக்காத தோட்டாவைப் பற்றி யாரும் அதற்குச் சொல்லித் தந்திருக்கவில்லை.

"இதை இங்கேயே ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டியிருக்குமோ?" என்று அது முணுமுணுத்தது.

துப்பாக்கி தோளிலிருந்து நழுவப் பார்த்தது. கடைக்காரரும் உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் உத்தரவு தோட்டாவை மொக்கச்சாமி கையிலேயே திருப்பி வைத்தது.

"எனக்கே தெரியவில்லை, மேலேதான் கேட்க வேண்டும். பதில் வருகிற வரைக்கும் இது உங்களிடமே இருக்கட்டும். எவ்வளவு நாள் இழுக்குமோ, கோபித்துக்கொள்ளாதீர்கள்."

நல்லாக் கேட்டுவிடுவது என்று மொக்கச்சாமி வாயைத் திறந்தார். அவர் தோளில் இருந்த துப்பாக்கி முந்திக்கொண்டது.

"மெதுவாவே கேளுங்க சார். ஒரு அவசரமும் இல்லை."