பவதாரணி தொட்ட மரம்

"அம்மா, குழந்தைகிட்டப் பொய் சொல்லலாமா?"

கேட்டவன் சிகாமணி. காட்டுக்குள் கூட்டிப்போனால் பிள்ளைகளுக்குக் காட்டோடு ஒட்டுதல் வருமா என்று ஆராய்ச்சி செய்கிறவன். கேட்கப்பட்டவள் கனகவல்லி. வயதில் அவனுக்கு இளையவள். ஆனாலும் அவளைத்தான் குருவாக வைத்திருந்தான்.

கோயில்காட்டு ஓரத்தில் கொடி கட்டி, பிள்ளைகளின் கண்ணைக் கட்டும் துணிகளைக் காயப்போட்டிருந்தாள். ஒவ்வொன்றாக மடித்தாள்.

"எவ்வளவு பெரிய பொய்?"

"ஒரு மரம் அளவுக்கு."

அவள் சிரிக்கவில்லை. "ஒரு துணி குறையுதே," என்றாள்.

"பவதாரணிகிட்ட இருக்கு. அவளைப் பத்தித்தான் பேச வந்தேன்."

"சொல்லுங்க சிகாமணி சார்."

சொன்னான். போன வாரம் ஒரு விளையாட்டு வைத்தான். கண்ணைக் கட்டி ஒரு மரத்திடம் கூட்டிப்போவது. பிள்ளை தடவிப் பார்க்கும், கட்டிப்பிடிக்கும். பிறகு புறப்பட்ட இடத்துக்கே கூட்டிவந்து துணியை அவிழ்த்துவிடுவது. தொட்ட மரம் எது என்று பிள்ளையே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

எல்லாரும் கண்டுபிடித்தார்கள். எட்டு வயது பவதாரணி மட்டும் கண்டுபிடிக்கவில்லை.

"எந்த மரத்துகிட்ட விட்டீங்க?"

"ஓரத்து இலுப்பைகிட்ட விடத்தான் கூட்டிட்டுப் போனேன். நடுவுல கையை உதறிட்டா. திரும்பிப் பாத்தா ஆளைக் காணோம். அப்புறம் அவளாவே வந்து நிக்கிறா. இலுப்பையைக் காட்டினா, இது இல்லைங்கறா."

"பிறகு எதுவாம்?"

"கட்டிப்பிடிச்சா கை எட்டலையாம். அவ இடுப்பு உசரத்துல ஒரு பொந்து. உள்ளே சூடா இருந்துச்சாம். யாரோ எப்பவோ கட்டின மணியை மரம் முழுங்கியிருக்கு, தட்டினா உள்ளேருந்து கேக்குதுங்கறா. காடு பூராத் தேடிட்டேன்மா. அப்படி ஒரு மரமே கிடையாது."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"நடுக்காட்டுல வெட்டின அடிமரம் ஒண்ணு இருக்கில்ல, அதுமேல உக்காந்து 'தேறவில்லை'ன்னு எழுதினேன்."

கனகவல்லி அடுத்த துணியை எடுத்தாள்.

"கேள்வித்தாளும் குடுத்தேன். 'நான் இயற்கையின் ஒரு பகுதி. ஆமா, இல்லையா?' மத்த பிள்ளைங்க அத்தனை பேரும் ஆமான்னு போட்டிருக்கு. இவ ஒண்ணுமே போடலை."

"நீங்க என்ன போட்டீங்க?"

"நான் கேள்வி தயாரிச்சவன்மா."

"அதுவும் சரிதான்."

"வேடிக்கை இல்லைம்மா. அன்னைலேருந்து தினம் சாயங்காலம் கண்ணைக் கட்டிக்கிட்டு உள்ளே போயிர்றா. சோறு இறங்கலை. பேய் பிடிச்சிருக்குன்னு ஊர்ல பேச்சு. இப்பவும் உள்ளேதான் இருக்கா. அவங்க அப்பா மினிலாரியோட ரோட்டுல நிக்கிறாரு. இன்னிக்குள்ள மரம் கிடைக்கலைன்னா நாளைக்கு டவுன் ஹாஸ்டல்ல தள்ளிருவாராம். இனிமே காட்டுப் பக்கம் தலை வைக்க விடமாட்டாராம். அதான்... ஏதோ ஒரு மரத்தைக் காட்டி, இதுதான் உன் மரம்னு சொல்லிரலாமான்னு."

"தாராளமாச் சொல்லுங்க. ஆனா எதைச் சொல்லப்போறீங்களோ, அதைத் தொட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க."

கையிலிருந்த துணியை அவன் கண்ணில் கட்டினாள். துணியில் யாரோ ஒரு பிள்ளையின் தலை எண்ணெய் வாசம்.

கையைப் பிடித்து நடந்தாள். சருகு மிதிபட்டது. கொஞ்ச தூரத்தில் சருகுச் சத்தம் நின்றது. அவர்கள் நடந்துகொண்டுதான் இருந்தார்கள்.

அவள் கை விலகியது.

"அம்மா?"

கூடடையும் பறவைகளின் இரைச்சல்கூடக் கேட்கவில்லை.

நீட்டிய கை பட்டையில் மோதியது. சொரசொரப்பு. ஒரு எறும்பு விரலில் ஏறி அடுத்த விரல் வழியாக இறங்கிப் போனது. நல்ல பருத்த மரம். இது போதும், இதையே காட்டிவிடலாம் என்று நினைத்தான்.

கை கீழே இறங்கியது. பொந்து.

உள்ளே விட்டான். மாடு மூச்சு விட்டதுபோல் சூடு.

கையை வெளியே எடுத்து, தட்டினான்.

கிணற்றுக்கு அடியிலிருந்து வருவதுபோல், ஒரே ஒரு மணி.

இரண்டு கையையும் விரித்து மரத்தைக் கட்டிக்கொண்டான். அவன் கையும் எட்டவில்லை.

அந்தப் பக்கத்திலிருந்து சின்ன விரல்கள் வந்து அவன் விரல்களைப் பிடித்தன.

"மெதுவா சார். இப்பதான் தூங்குச்சு."

"பவதாரணியா?"

"ம்."

"இதுவா?"

"இதுதான் சார். நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

தாங்கமுடியாத சந்தோஷம். ஒரு கையை எடுத்து, துணியைக் கழுத்துக்கு இழுத்துவிட்டான்.

எதிரே மரம் இல்லை.

காலடியில் அடிமரம். முழங்கால் உயரம்கூட இல்லை. அன்றைக்கு அவன் மறந்துவிட்டுப்போன பேனாமூடி அதன்மேல் கிடந்தது.

அதற்கு அந்தப் பக்கம் பவதாரணி. கண்ணில் துணி. விரித்த கைகள். வெறும் காற்றில் மொத்த உடம்பையும் சாய்த்திருந்தாள். விழவில்லை. ஒரு பக்கக் கன்னம் எதிலோ நன்றாக அழுந்தி நசுங்கியிருந்தது.

ரோட்டிலிருந்து குரல் வந்தது.

"சார்! மரம் கிடைச்சுதா, இல்ல பிள்ளையைக் கூட்டிட்டுப் போகவா?"

அவள் விரல்கள் இறுகின.

சிகாமணி அடிமரத்தைப் பார்த்தான். நசுங்கிய கன்னத்தைப் பார்த்தான். துணியை மறுபடி கண்ணுக்கு ஏற்றிவிட்டு, முன்னால் சாய்ந்தான்.

கன்னத்தில் எறும்பு ஊர்ந்தது.

"கிடைச்சிருச்சு," என்றான்.