புளியங்கொட்டையும் காத்தாயியும்

பிள்ளைகளைக் கொடுத்த சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கேளுங்கள், கண்ணுகளா.

ரொம்பக் காலத்துக்கு முன்னே, கடலோரப் பட்டினம் ஒன்றில் அரியநாயகம் என்று ஒரு துணி வணிகர் இருந்தார். வருஷத்தில் பாதி அவர் கப்பலில் இருப்பார். கடையைப் பார்ப்பது அவர் மனைவி உலகம்மை. பிள்ளைகள் இரண்டு. அன்னக்கொடிக்கு ஐந்து வயது, திருமேனிக்கு இரண்டு.

பிள்ளைகள் வளர்ந்து ஆளாகும்வரை கூடவே இருக்க ஒரு தாதி வேண்டும். மூன்று பெண்கள் வந்தார்கள். ஆளுக்கு ஒரு நாள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றாள் உலகம்மை.

முதல் நாள் பேச்சி. சாயங்காலம் உலகம்மை கடையிலிருந்து வந்ததும், "பிள்ளைங்க தங்கம்மா! ஒரு குறையும் இல்லை" என்றாள் பேச்சி. அவள் போனபின் உலகம்மை பிள்ளைகளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது திருமேனியின் பின்மண்டையில் எலுமிச்சம்பழம்போல வீக்கம். "ஊஞ்சல்லேருந்து விழுந்தான். சொன்னா பூதம் பிடிக்குமாம்" என்று அன்னக்கொடி அழுதாள்.

இரண்டாம் நாள் மருதாயி. அவளும், "வயிறாரச் சாப்பிட்டாங்கம்மா! ஒரு குறையும் இல்லை" என்றாள். அவள் போனதும் பிள்ளைகள் பழைய சோற்றுப் பானையில் கையை விட்டார்கள். "அவங்க தூங்கிட்டாங்கம்மா. எங்களுக்குச் சோறே போடலை" என்றாள் அன்னக்கொடி.

மூன்றாம் நாள் காத்தாயி. உலகம்மை வாசலில் கால் வைக்குமுன்னே ஓடி வந்தாள். முகமெல்லாம் கண்ணீர்.

"அம்மா, நான் தப்புப் பண்ணிட்டேன். பூக்காரிகூட வாயடிச்சுக்கிட்டு நின்னேன். அதுக்குள்ள தம்பி பல்லாங்குழியிலேருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து மூக்குல போட்டுக்கிட்டான். மிளகுப்பொடி காட்டித் தும்ம வெச்சு எடுத்துட்டேன். இப்ப நல்லா இருக்கான். ஆனாலும் நீங்க ஒருதரம் வைத்தியர்கிட்டக் காட்டிடுங்க. என்னை வேண்டாம்னாலும் சரிம்மா."

அப்போது ஊரில் இருந்த அரியநாயகமும் மனைவியோடு கடையிலிருந்து வந்திருந்தார். கேட்டதும் பொங்கிவிட்டார். "மூணு பேர்ல இவதான் மோசம்! இன்னிக்குப் புளியங்கொட்டை. நாளைக்கு முழுத் தேங்காயே போயிடும்! அனுப்பு இவளை!"

காத்தாயி தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினாள்.

"நில்லு காத்தாயி" என்றாள் உலகம்மை. கணவனிடம் திரும்பி, "மூணு பேரும்தான் தப்புப் பண்ணினாங்க. வந்து சொன்னது இவ ஒருத்திதான். நீங்க கப்பல்ல, நான் கடையில. வீட்டுல பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னு நமக்கு யாருங்க சொல்றது?" என்றாள்.

அரியநாயகம் மகனைத் தூக்கிக்கொண்டு வைத்தியர் வீட்டுக்கு நடந்தார். "நீயும் வாம்மா காத்தாயி. நடந்ததை அவருக்கு நீதான் சொல்லணும்" என்றார்.

அன்றைக்கு அந்த வீட்டில் தங்கினவள்தான். அம்மையில் கிடந்த பிள்ளைகளுக்கு வேப்பிலையால் விசிறினாள். பல் விழுந்தபோது கூரையில் எறியக் கற்றுக்கொடுத்தாள். அவர்கள் பொய் சொன்னபோது, தான் பட்டினி கிடந்தாள்.

பன்னிரண்டு வருஷம் கழித்து அன்னக்கொடிக்குக் கல்யாணம். பெண்ணைப் பெற்று வளர்த்த தாய்க்கென்று மாப்பிள்ளை வீட்டார் தட்டில் ஒரு சேலை வைத்து நீட்டினார்கள். சபை முழுக்கப் பார்க்க, உலகம்மை அந்தத் தட்டைக் கொண்டுபோய்க் காத்தாயி கையில் கொடுத்தாள்.

"ஐயோ, இது உங்களுதும்மா!"

"நான் பெத்தேன் தாயி. வளர்த்தது நீ. கட்டிக்கிட்டு வந்து என் பக்கத்துல நின்னு ஆசீர்வாதம் பண்ணு."

பிள்ளைகளா, தன் தவறைத் தானே வந்து சொல்கிறவரை நம்பித்தான் பெற்ற பிள்ளையை ஒப்படைக்கலாம். அப்படி ஒருவர் கிடைத்தால், அந்த நன்றியைக் கடைசிவரை மறக்கக் கூடாது.