கடலுக்குக் கோடு கீறிய நண்டு

ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஒரு மணல்திட்டு இருந்தது. அங்கே ஒற்றைக்கொடுக்கன் என்ற நண்டு தனியாக வாழ்ந்தது. கடல்நீர் எந்த நாளில் எவ்வளவு தூரம் ஏறும் என்று அதற்குத் தெரிய வேண்டும்! சொல்லித்தர அங்கே யாரும் இல்லை.

அதனால் நண்டு தினமும் நீர் ஏறிய உயரத்தைப் பார்த்து, பாறையில் ஒரு கோடு கீறியது.

“கோடு போட்டால் கடல் நின்றுவிடுமா?” என்று சிரித்தது மீன் தேடி வந்த ஒரு நாரை.

“நிற்காது. ஆனால் எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரிந்துவிடும்!”

பௌர்ணமியன்று நீர் மிகவும் ஏறியது. “அப்படியானால் முழுநிலா நாளில்தான் ஆபத்து!” என்று பத்தே நாளில் முடிவுகட்டிய நண்டு, பௌர்ணமி கழிந்ததும் நீரோரமாகவே வளை தோண்டியது. அடுத்து வந்த அமாவாசையில் கடல் பொங்கி வளையை மூடிவிட்டது. அரைநாள் மண்ணைத் தள்ளி வெளியே வந்தபோது அதற்கு ஒரு கால் ஒடிந்திருந்தது.

“இனியாவது விட்டுவிடுவாயா?” என்றது நாரை.

“அமாவாசையைப் பார்க்காமலே சொன்னது என் தப்பு!” என்ற நண்டு, மறுநாளே நொண்டி நொண்டிப் பாறைக்குப் போனது.

இரண்டு ஆண்டுகள் ஓடின. பாறை முழுக்கக் கோடுகள்!

ஒருநாள், கடலோர மணலில் முட்டையிடும் ஆலாப் பறவை ஒன்று வந்தது. “நண்டண்ணே, போன வருஷம் என் முட்டைகளைக் கடல் கொண்டுபோய்விட்டது. மேட்டிலே இட்டால் கீரி தின்றுவிடும். நான் எங்கே போவேன்?”

நண்டு கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தது. பிறகு மணலில் நடந்து ஓரிடத்தில் நின்றது. “இந்த அமாவாசைக்கு நீர் இதுவரை வரும். இரண்டு சாண் தள்ளி இடு, தங்கச்சி!”

அமாவாசையும் வந்தது. காலையில் நீர் ஏறியது. நண்டு சொன்ன இடத்தையும் தாண்டியது!

“அண்ணே! என் முட்டை!” என்று அலறியது ஆலா.

நண்டு கண்ணை எடுக்காமல் நீரையே பார்த்தது. கூட்டுக்கு ஒரு சாண் முன்னால் நுரை நின்றது. பிறகு மெல்லப் பின்வாங்கியது.

“ஜெயித்துவிட்டாய் அண்ணே!”

“இல்லை தங்கச்சி, ஒரு சாண் தவறிவிட்டேன். இன்று கடற்காற்று பலமாக அடித்தது. அதை நான் சேர்த்துக்கொள்ளவில்லை. நாளை முதல் காற்றையும் படிக்க வேண்டும்!”

சொல்லித்தர ஆளில்லாவிட்டாலும், தன் தவறைத் தானே தேடித் திருத்திக்கொள்பவருக்கு எட்டாத கல்வி எதுவும் இல்லை.